திருநீற்றுக்கு முன்பு பூசவேண்டியது

ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் வட்டாரத்தில் தங்கராஜுவின் பெயரை அறிந்தவர்களைவிட அவருடைய முகத்தை அறிந்தவர்கள் அதிகம். அழகான முகம் என்பதால் அல்ல. மனைவி வாசுகி அதைப் படமெடுத்து, கீழே 'முன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தனக்குத் தெரிந்த வாட்சாப் குழுக்கள் அத்தனைக்கும் அனுப்பிவிட்டாள். பக்கத்தில் 'பின்' என்று எழுதிய கட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. கோயில் குழு, குடியிருப்புக் குழு, பழைய தொழிற்சாலைத் தோழிகள் குழு, யாருடைய கல்யாணத்துக்காகவோ தொடங்கி, அந்தக் கல்யாணம் நடந்து குழந்தை பிறந்து அது பள்ளிக்கும் போன பிறகும் கலையாமல் இருக்கிற குழு. எல்லாவற்றிலும் தங்கராஜு 'முன்' ஆனார்.

ஐம்பதைத் தாண்டியவர். பெக்கான் நானாஸுக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தளத்தில் வேலை. அந்த இடத்தை லிட்டார் என்பார்கள். கற்றுக்கொடுப்பவரை, வயது எதுவானாலும், சிக்கு என்பார்கள். தார் போட்ட அகன்ற வெளியில் ஒரு மரம் கிடையாது. முன்பு இருந்ததுண்டு. உதிர்ந்த இலையில் பிள்ளைகளின் வண்டி சறுக்குகிறது என்று வெட்டிவிட்டார்கள். தித்தி என்கிற ஒடுக்கமான நீள மேடையின்மேல் பிள்ளைகள் வண்டியை ஊர்ந்து ஓட்டும்போது கூடவே நடப்பது, எட்டுப் போடும்போது நடுவில் நிற்பது, விழுந்தால் வண்டியை முதலிலும் பிள்ளையைப் பிறகும் தூக்குவது என்று அவருடைய பகல் போகும். தொப்பி போடமாட்டார். தொப்பி போட்டால் முடி கொட்டும் என்று அவருக்குப் பயம். கொட்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை என்பது அந்தப் பயத்தைக் குறைக்கவில்லை.

இப்படி நின்ற முகம் எப்படி இருக்கும்? கன்னங்களில் கருந்திட்டு. மூக்கு நுனியில் எப்போதும் உரிந்துகொண்டிருக்கும் தோல். சட்டைக்குள் இருந்த தங்கராஜு ஒரு நிறம், காலருக்கு மேலே இருந்தவர் வேறொரு நிறம். இருவரும் ஒரே அடையாள அட்டையைப் பயன்படுத்திவந்தார்கள். முகப் பராமரிப்பு என்று பார்த்தால், குளிக்கிற சோப்பு. கிரீஸ் பட்ட நாளில் பாத்திரம் கழுவுகிற பச்சைத் திரவம். மேலே கொஞ்சம் முகப்பவுடர்.

ஆனால் எதற்கும் முன்பு திருநீறு. அதில் மட்டும் அவர் கறார். பகலில் நீர் பட்ட முகத்தில் முதலில் படுவது திருநீறாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் சீப்பு, பவுடர், காப்பி எல்லாம். பட்டையாக மூன்று கோடு. லிட்டாரில் மதியம் முகம் கழுவினாலும் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்து மறுபடியும் இட்டுக்கொள்வார். பெரிய பக்தர் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். கோயிலுக்கு அவர் போகும் நேரமும் அங்கே இலை போடும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். திருநீறு அவருக்குப் பக்தியைவிடப் பழக்கம். பக்தியைக்கூட விட்டுவிடலாம், பழக்கத்தை முடியாது.

வாசுகி செனாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கியூசியாக இருந்தவள். ஒவ்வொரு சர்க்யூட் பலகையையும் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு முத்திரை குத்துவது அவள் வேலை. மேனேஜர் கெஞ்சினாலும் அவள் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட். அவள் கையை உயர்த்தினால் மொத்த வரிசையும் நிற்கும். பிறகு ஒருநாள் தொழிற்சாலையே மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அதை நிறுத்த அவள் கைக்கு அதிகாரம் இல்லை. வீட்டுக்கு வந்தவள் கொஞ்ச நாள் இட்லியைச் சோதித்தாள், தங்கராஜு காயப்போட்ட துணியைச் சோதித்தாள், பிறகு எதையும் சோதிக்காமல் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பேசாமைதான் தங்கராஜுவுக்குப் பயமாக இருந்தது. திட்டு வாங்காத வீட்டில் அவருக்கு இருக்கத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கெலாங் பாத்தாவிலிருந்து ஷர்மினி வந்தாள். முன்பு அதே தொழிற்சாலையில் வேலை செய்தவள். இப்போது 'பனிமுகம்' என்ற சருமப் பொருள்களுக்கு முகவர். துருவிய பனிக்கட்டியில் செய்யும் ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத ஜொகூர்க்காரர்களுக்குப் பனி போன்ற முகம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நுரை, திரவம், இன்னொரு திரவம், சீரம், அதற்கு மேல் இரவுக் களிம்பு என்று ஒரு வரிசைக் குப்பிகள். ஷர்மினி எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கி, ஆள் சேர்த்தால் வாழ்க்கையே மாறும் என்றாள். வாசுகி குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அன்றிரவு நெடுநாளுக்குப் பிறகு சிரித்தாள். தங்கராஜுவைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்தது அன்றுதான்.

படம் போய்ச் சேர்ந்த வேகத்தை அவர் லிட்டாரில்தான் உணர்ந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தித்தியின் நடுவில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, அவரையே உற்றுப் பார்த்தாள். காலை ஊன்றினால் தேர்வில் தோல்வி. அதைச் சொல்ல வாயெடுத்தவரிடம் கேட்டாள்.

"சிக்கு, நீங்கதானே அந்த 'முன்'?"

அன்று முழுக்க அவர் யாரையும் அதட்டவில்லை.

முகம் போனது போகட்டும், வாசுகி மறுபடி திட்டத் தொடங்கியிருக்கிறாளே என்று அவர் பனிமுகத்தைப் பூசிக்கொள்ள ஒப்புக்கொண்டார். முதல் வாரம் எரிந்தது. வேலை செய்கிறது, அதனால்தான் எரிகிறது என்று ஷர்மினி தொலைபேசியில் சொன்னாள். அடுத்த வாரம் கன்னம் சிவந்து தோல் செதில் செதிலாக எழும்பியது. உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது என்றாள். தங்கராஜு தமக்குள்ளே அவ்வளவு அழுக்கு இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. நம்பிக்கைக்கு எதிராக எது நடந்தாலும் அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிற திறமை சாமியார்களிடம் மட்டும்தான் உண்டு என்று நினைப்பவர்கள் ஒரு சீரம் விற்பவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம்.

வெயிலில் நிற்க முடியாமல் போனதும் அவர் வாசுகிக்குத் தெரியாமல் ஊர் மருந்துக்கடைக்குப் போனார். அங்கே ஷைமா என்ற இளம் மருந்தாளர். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. முகத்தைப் பார்த்தாள், வேலை என்ன என்று கேட்டாள், குப்பிகளின் படத்தைக் காட்டச் சொன்னாள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள்.

"நாள் முழுக்க வெயில்ல நிக்கிறீங்க, ராத்திரி வந்து முகத்த உரிக்கிறீங்க. கூரை இல்லாத வீட்டுக்கு உள்ள பெயிண்ட் அடிச்சா நிக்குமா அங்கிள்?"

மென்மையான ஒரு கழுவும் திரவம், வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு, வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். காலையில் தாராளமாகப் பூசவேண்டும், மதியம் முகம் கழுவியதும் மறுபடி பூசவேண்டும், தொப்பி போடவேண்டும். வெள்ளையாக்குமா என்று தங்கராஜு கேட்டார். உங்க நிறத்த உங்களுக்குத் திருப்பித் தரும், அடுத்தவங்க நிறம் வேணும்னா வேற கடையப் பாருங்க என்றாள். தொப்பியைத் தவிர மற்றதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார்.

சன்ஸ்கிரீன் குழாயை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. தம்முடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில், ஸ்பேனருக்கும் மழைச்சட்டைக்கும் நடுவே வைத்தார். காலையில் முகம் கழுவி, திருநீறு இட்டு, காப்பி குடித்து, வெளியே வந்து வண்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பூசுவார். திருநீற்றின்மேல் களிம்பைத் தேய்ப்பதாவது! விரல் நுனியால் மூன்று கோட்டையும் சுற்றி, கோட்டுக்குக் கோடு நடுவிலும் விட்டுவிடாமல், சுவருக்குச் சாயம் அடிப்பவன் ஜன்னல் சட்டத்தைத் தவிர்ப்பதுபோல் கவனமாகப் பூசுவார். மதியமும் அதேதான். லிட்டாருக்குப் போன கொஞ்ச நேரத்தில் வியர்வை திருநீற்றைக் கரைத்துவிடும். களிம்பு நிற்கும். வீடு திரும்புமுன் மறுபடி பட்டை இட்டுக்கொள்வார், ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் அதைக் கழுவுவார் என்பதால் அவருடைய வெறும் நெற்றியை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பனிமுகக் குப்பிகள் காலியாகவேண்டுமே. வாசுகி எடுத்துப் பார்ப்பாள், அளவு குறையாவிட்டால் கண்டுபிடிப்பாள். ஆகவே ஒவ்வொரு மாலையும் அன்றைய பங்கைப் பின்வாசல் குழாயடியில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அந்த வீட்டில் பனிமுகத்தை ஒழுங்காக, தவறாமல் பயன்படுத்தியது அந்தச் செடி ஒன்றுதான்.

மாதங்கள் போயின. மூக்கில் உரிவது நின்றது. கருந்திட்டு மங்கியது. கன்னம் ஆற்றுக்கல்போல் வழவழப்பானது. கோயிலில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாசுகிக்குக் கால் தரையில் பாவவில்லை. கேள்விக்குறி இருந்த 'பின்' கட்டத்தில் புதிய படம் ஏறியது. திருநீறு துலங்க, சற்றே குற்றவுணர்ச்சியோடு தங்கராஜு அதில் சிரித்தார். ஒன்று நடந்து அதன்பின் மற்றொன்று நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்தது என்று நம்புவதற்கு மனிதர்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படுவதில்லை. இங்கே முதலாவது இரண்டு வாரத்தோடு நின்றுபோயிருந்தது. அதனாலும் நம்பிக்கை குறையவில்லை.

முதலில் பெட்டி வாங்கியவள் எதிர்வீட்டு ராசம்மா. வாசுகியின் உற்ற தோழி. இருவரும் ஒரே பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய்வந்தவர்கள். வாங்கிய கொஞ்ச நாளில் ராசம்மா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு குப்பை போட வரத் தொடங்கினாள். ஒருநாள் காற்று முந்தானையை விலக்கியது. தங்கராஜு பார்த்தார். தமக்கு வந்த அதே சிவப்பு, அதே செதில்.

"எரியுதுண்ணே. உங்களுக்கும் முதல்ல எரிஞ்சுச்சாமே? வாசுகி சொன்னுச்சு. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டால் ராசம்மாவின் கன்னம் பிழைக்கும், வாசுகி மறுபடியும் அந்த நாற்காலியில் பேசாமல் உட்காருவாள். சொல்லாவிட்டால் தம்முடைய முகத்தைக் காட்டி இன்னும் எத்தனை முகம் உரியுமோ. இரண்டு தடவை சாப்பாட்டு நேரத்தில் பேச்சைத் தொடங்கினார். இரண்டு தடவையும் வாசுகி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார். அவரைக் கோழை என்பது சரியாகாது. பாட்டு நின்றுவிடக்கூடாது என்று நினைத்தார். கோழைத்தனம் பெரும்பாலும் இப்படித்தான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீட்டு முன்புறப் போர்ச்சில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடியிருப்புப் பெண்கள். ஒரு தட்டில் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிப்பப்பு, ஒரு ஜாடியில் சிராப் தண்ணீர். ஷர்மினி படமெடுப்பதற்கான வளைய விளக்கோடு வந்திருந்தாள். நடுவில், எல்லாரும் பார்க்கும்படி, ஸ்டூலில் தங்கராஜு. இஸ்திரி போட்ட சட்டை. கல்யாணப் பெண்ணைப் போல உட்காரவைத்திருக்கிறார்களே என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, பொண்ணு வயசுக்கு வந்து ரொம்ப நாளாச்சு என்றாள். ராசம்மா கடைசி வரிசையில் முந்தானையைக் கன்னத்தில் பிடித்தபடி சிரிக்காமல் இருந்தாள்.

ஷர்மினி விளக்கைப் போட்டாள். திருநீறு வெளிச்சத்தில் அடிக்கிறது, நெற்றி தெரியவில்லை என்று ஈரப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். இன்னொரு பஞ்சு எடுத்து அழுத்தித் துடைத்தாள். தங்கராஜுவுக்கு வலித்தது.

திருநீறு போய்விட்டது. கோடுகள் போகவில்லை. நெற்றி முழுக்க ஆறிப்போன மாநிறம். அதன் நடுவே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல், கருத்த மூன்று பட்டை.

முன் வரிசையில் கறிப்பப்பு கடிக்கிற சத்தம் நின்றது. ஒரு பெண், முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்தவள் கைகூப்பினாள். உள்ளே ஊறிப்போன திருநீறு, எவ்வளவு காலத்துப் பக்தியோ என்றாள். இலை போடும் நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போகிற தங்கராஜு, தம் வாழ்க்கையில் முதல்முறையாக வழிபாட்டுக்குரிய பொருளாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடம் அப்படியே கடந்திருந்தால் போதும். பழி பனிமுகத்துக்கும் போகாது, அவருக்கும் வராது. முருகன் ஏற்றுக்கொண்டிருப்பார்.

ஆனால் வாசுகி எழுந்து வந்துவிட்டாள். அவர் தாடையைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் சாய்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. அந்தக் கண்ணைத் தங்கராஜு தொழிற்சாலையைக் குடும்பத்தாருக்குச் சுற்றிக் காட்டிய நாளில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார், மேனேஜர் கெஞ்சிக்கொண்டு நின்றபோது.

"என்னாங்க, ராத்திரி களிம்பு நெத்தி பூராவும் பூசுவீங்கதானே?"

அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப இந்த மூணு கோடு மட்டும் ஏன் பழைய மாதிரி இருக்கு?"

வாசுகி தாடையை விடவில்லை. ராத்திரி திருநீறு கிடையாது. திருநீறு இருப்பது பகலில். அப்படியென்றால் இந்த முகத்தைச் சரிசெய்தது எதுவோ, அது பகலில், திருநீறு இட்ட பிறகு, அதைச் சுற்றிப் பூசப்பட்டது. இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் மட்டும் நெற்றியிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து வாசலில் நின்ற கப்சாய்க்கும் போனது. தினமும் காலையில் வண்டிக் கண்ணாடி முன்னால் இந்த மனிதர் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். நடந்துபோய் இருக்கையைத் தூக்கினாள். ஸ்பேனரை எடுத்து வைத்தாள், மழைச்சட்டையை எடுத்து வைத்தாள், குழாயை எடுத்து அதன் பின்பக்கத்தைப் படித்தாள்.

ஷர்மினிதான் முதலில் சுதாரித்தாள்.

"க்கா, ஒன்னும் பிரச்சினை இல்ல லா. நெத்திய வெட்டிட்டுப் படம் போட்டுக்கலாம்."

வாசுகி அவளைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய் ராசம்மாவின் முந்தானையை விலக்கினாள். விளக்கு இல்லாமலேயே தெரிந்தது. செதிலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். தங்கராஜு ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதோ உட்காரப்போகிறாள், இனி பேசமாட்டாள் என்று நினைத்தார்.

அவள் கையை உயர்த்தினாள். தொழிற்சாலையில் வரிசையை நிறுத்துவதுபோல.

"ரிஜெக்ட். யாரும் இதப் பூசாதீங்க. எடுத்துட்டுப் போனவங்க எல்லாம் கொண்டாந்து குடுங்க, நான் பாத்துக்கறேன். ராசு, உள்ள வா, மூஞ்சி கழுவு."

ஷர்மினி என்னென்னவோ சொன்னாள். மேலிடம் கோபித்துக்கொள்ளும் என்றாள், எரிச்சல் எல்லாருக்கும் வராது என்றாள், இவ்வளவு உழைத்துவிட்டு ஒரு நெற்றிக்காக விடலாமா என்றாள். வாசுகி குப்பிகளை ஒவ்வொன்றாக அவளுடைய பைக்குள் திருப்பி அடுக்கினாள், மூடியை இறுக்கி, லேபிள் வெளிப்பக்கம் தெரிய. வளைய விளக்கையும் அணைத்து மடித்துக் கொடுத்தாள். கூட்டம் கறிப்பப்புவை முடித்துவிட்டுத்தான் கலைந்தது. ராசம்மா போகும்போது முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

பிறகு வாசுகி பின்வாசலுக்குப் போனாள். தங்கராஜு பின்னாலேயே போனார், ஓடிப்போக வேறு இடம் இல்லை. கறிவேப்பிலைச் செடி இலை கருகி, குச்சியாக நின்றது. உரம் போட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று அவள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த செடி.

"இதுக்குத்தான் ஊத்தினீங்களா?"

"கொஞ்சம்தான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார், மூடினார். அந்தத் தொழிற்சாலை போனதிலிருந்து நீ சிரிக்கவே இல்லை, அந்தப் பெட்டி வந்த அன்றைக்குத்தான் சிரித்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். இத்தனை ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வாசுகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெட்டியப் பாத்தா சிரிச்சேன்? நான் எடுத்தேனே 'முன்' படம், அதப் பாத்துச் சிரிச்சேன்."

அன்றிரவு சாப்பாடு முடியும்வரை திட்டினாள். ராசம்மாவின் கன்னத்துக்காக, செடிக்காக, நெற்றியில் எழுதித் தெரிகிற அளவு பொய் சொன்னதற்காக, பொய் சொல்வதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாததற்காக. தங்கராஜு இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த வீட்டின் வாட்சாப் பிரசங்கம் வேறு. பனிமுகப் பெட்டிகளைத் திரும்ப வாங்கிய வாசுகி, ஷைமாவிடம் நேரில் போய் ஒரு குறுக்கு விசாரணை நடத்திவிட்டு, முகத்துக்கு என்ன போதும், எதை எப்போது பூசுவது, எரிந்தால் உடனே நிறுத்தி மருந்துக்கடைக்குப் போவது என்று குழுக்களில் கத்திக்கொண்டிருக்கிறாள். விற்க ஒன்றும் இல்லாததால் முன்னைப்போலக் கேட்பவர்கள் இல்லை. சும்மா கிடைக்கும் அறிவுக்குப் பெட்டியும் ரிப்பனும் கிடையாது. ஆனாலும் பெண்கள் காலை வேளையில் போர்ச்சுக்கு வந்து, தங்கள் வீட்டுக் குப்பிகளை நீட்டுகிறார்கள். அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து முடிவு சொல்கிறாள். பெரும்பாலும் ரிஜெக்ட்தான்.

'முன்' படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'பின்' படத்தை மட்டும் அவள் நீக்கிவிட்டாள், அது பொய் என்பதால். மெய்யானது என்பதால் 'முன்' இருக்கட்டும் என்றாள்.

தங்கராஜு தொப்பி போடுகிறார். வாசுகி அதை ஹெல்மெட்டுக்குள் வைத்து அனுப்புகிறாள், மறக்க வழியில்லை. நெற்றிக் கோடுகள் மெல்ல மங்கி வருகின்றன. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அவற்றைத் திருநீற்றுத் தழும்பு என்றே நினைக்கிறார்கள்; மலாய்ப் பிள்ளை ஒருவன் மரியாதையாக, பச்சை குத்தியதா சிக்கு என்று கேட்டான்.

காலை வரிசைதான் பெரிய சண்டைக்குப் பிறகு மாறியது. களிம்பின்மேல் உடனே திருநீறு இட்டால் அது மாவுப் பசையாகி மாலைவரை போகவில்லை. திருநீற்றின்மேல் களிம்பு கூடாது என்பதில் அவர் அசையவில்லை. கடைசியில் வாசுகி தீர்ப்புச் சொன்னாள்: முகம் கழுவுவது, ஈரப்பசை, சன்ஸ்கிரீன், அது காய்கிறவரை போய்க் காப்பி போடுவது, பிறகு சாமி. அவருடைய ஆயுள்கால விதி அங்கே உடைந்தது. இப்போது தங்கராஜு தினமும் பளபளக்கும் வெறும் நெற்றியோடு அடுப்படியில் நின்று காப்பி ஆற்றுகிறார். சாமிப் படத்திலிருந்து முருகன் காத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை அவர் எதுவும் சொல்லவில்லை.